ஒலி பட்டால் பொரியும் துளி: புற்றுநோயை எதிர்த்து ஒரு புதிய கருவி

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய மாலைப் படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



புற்றுநோய் என்ற சொல்லை நம் வீடுகளில் யாரும் உரக்கச் சொல்வதில்லை. "அந்த நோய்" என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுகிறோம். பெயரைச் சொன்னால் வந்துவிடுமோ என்ற பயம் ஒரு பக்கம். வந்துவிட்டால் கம்மலையும் தாலியையும் விற்றாலும் தீராது என்ற பயம் இன்னொரு பக்கம். பயந்த மனிதன் ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடுகிறான். இந்த வாரம் கூலி போய்விடும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிறான். அப்படித் தள்ளிப் போடுகிற ஒவ்வொரு வாரமும் அந்த நோய்க்குக் கிடைக்கிற லாபம்.

ஆகவே இன்று அதன் பெயரை உரக்கச் சொல்லியே பேசுவோம். அதை எதிர்த்து விஞ்ஞானிகள் உருவாக்கிவரும் ஒரு புதிய கருவியைப் பற்றிப் பேசுவோம். அந்தக் கருவி ஒரு துளி. கண்ணுக்குத் தெரியாத சிறு துளி. ரத்தத்தில் செலுத்தினால் சும்மா ஓடிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து ஒலியைப் பாய்ச்சினால், பாய்ச்சிய இடத்தில் மட்டும் பொரிந்து குமிழியாகும். அந்தக் குமிழி நோய் இருக்கும் இடத்தையும் காட்டும், அதே இடத்தில் நோயையும் தாக்கும். கேட்பதற்குக் கதை போல இருக்கிறது. இது எப்படிச் சாத்தியம்? எவ்வளவு தூரம் உண்மையாகியிருக்கிறது? நமக்கு இதில் என்ன இருக்கிறது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டு கஷ்டங்கள்

நம் உடல் உயிரணுக்களால் ஆனது. பழைய அணு சாகும், புதிய அணு பிறக்கும். எத்தனை பிறக்க வேண்டும் என்பதற்கு உடலுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. அந்த ஒழுங்கை மீறி, நிறுத்தம் இல்லாமல் அணுக்கள் பெருகினால் அதுவே புற்றுநோய். அது வெளியிலிருந்து வந்து புகுந்த கிருமி அல்ல. நம் சொந்த அணுக்களே தடம் மாறிப் பெருகுகின்றன. இதனால்தான் அதை எதிர்ப்பதில் இரண்டு கஷ்டங்கள் ஏற்படுகின்றன.

முதல் கஷ்டம், கண்டுபிடிப்பது. நாற்றங்காலில் முளைத்த களையைப் போல, ஆரம்பத்தில் அது பயிரோடு பயிராக நிற்கும். அடையாளம் தெரியும்படி வளர்ந்த பிறகு பார்த்தால், பல சமயம் விதை நாலு வயலுக்கும் பரவியிருக்கும்.

இரண்டாவது கஷ்டம், அதை மட்டும் தாக்குவது. கீமோதெரபி என்ற மருந்து வைத்தியத்தில், பெருகும் அணுக்களைக் கொல்லும் மருந்தை ரத்தத்தில் ஏற்றுகிறார்கள். அது கட்டிக்கு மட்டும் போவதில்லை, உடல் முழுவதும் ஓடுகிறது. மயிர்க்கால், குடலின் உட்புறம், எலும்பு மஜ்ஜை ஆகிய இடங்களில் இயல்பாகவே வேகமாகப் பெருகும் அணுக்கள் உண்டு. அவற்றையும் மருந்து அடிக்கிறது. முடி கொட்டுவதும், வாந்தி வருவதும், ரத்தம் குறைவதும் இதனால்தான். ஒரு மூலையில் உள்ள களைக்காக வயல் முழுவதும் மருந்தடித்தால் பயிரும் வாடத்தானே செய்யும்? அந்த மருந்து எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் அதற்கு நோயாளி கொடுக்கும் விலை பெரிது.

களை நிற்கும் இடத்தைக் காட்டவும், அங்கே மட்டும் மருந்தை இறக்கவும் ஒரே கருவி கிடைத்தால்? துளி ஆராய்ச்சியின் நோக்கம் இதுதான்.

பானையைத் தட்டிப் பார்ப்பது போல

துளியைப் புரிந்துகொள்ள முதலில் ஒலியைப் புரிந்துகொள்ள வேண்டும். சந்தையில் பானை வாங்கும் நம் தாய்மார்கள் அதை விரலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்ல பானை "கணீர்" என்கிறது. விரிசல் விட்ட பானை வேறு மாதிரி ஒலிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறையைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. ஸ்கேன் என்று நாம் சொல்லும் ஒலிப் பரிசோதனைக்கும் அடிப்படை இதுவே.

ஒலி என்பது அதிர்வு. விநாடிக்கு 20 அதிர்வு முதல் 20,000 அதிர்வு வரை மனிதக் காதுக்குக் கேட்கும். அதற்கு மேற்பட்டதைக் கேளா ஒலி என்கிறோம். ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவிகள் விநாடிக்குப் பல லட்சம், கோடி அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்புகின்றன. உடலின் மென்மையான தசைக்குள் அது விநாடிக்குச் சுமார் 1,540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. வழியில் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்கு மாறும் இடங்களில் ஒரு பகுதி எதிரொலியாகத் திரும்புகிறது. திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்தைக் கணக்கிட்டுக் கருவி படம் வரைகிறது. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் கிடையாது. கர்ப்பிணித் தாய்க்கு இதைப் பயன்படுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்க் கருவி வைத்தியக் கருவியான வரலாறு

இந்தக் கருவி ஒரே மேதையின் மூளையில் ஒரே நாளில் உதித்ததல்ல. 1880 இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள், சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் தோன்றுகிறது என்று கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அதே படிகம் அதிரும் என்பதும் பிறகு தெரிந்தது. முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடித்தபோது, பால் லான்ஜவின் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு கேளா ஒலியைக் கடலுக்குள் அனுப்பி எதிரொலியைப் பிடித்தார். பின்னாளில் நாஜிகளின் சிறையில் அடைபட்டவர் இவர்.

அவருடைய சோதனைகளில் ஒரு சிறு விஷயத்தை நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பலமான ஒலி பாய்ந்த தண்ணீரில் மீன்கள் செத்தன. கையை விட்டால் வலித்தது. ஒலி பார்க்க மட்டும் உதவுவதல்ல, தாக்கவும் வல்லது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1928 இல் லெனின்கிராடில் செர்கெய் சோகொலோவ் என்ற விஞ்ஞானி, உலோகத்துக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கேளா ஒலியால் கண்டுபிடிக்கலாம் என்று சொன்னார். பிறகு அந்த முறை தொழிற்சாலைகளுக்குள் வந்தது. பாய்லர் வெல்டிங்கில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவியாயிற்று. வெல்டிங்கில் ஒரு விரிசல் தப்பிப் போனால் பாய்லர் வெடித்து எத்தனை தொழிலாளிகள் சாவார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்ற பிரசவ டாக்டர் இருந்தார். 1955 இல் அவர் ரென்ஃப்ரூ என்ற ஊரில் பாய்லர் செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். பெண்களின் வயிற்றிலிருந்து அறுத்தெடுத்த கட்டிகளைக் காரில் கூடவே கொண்டுபோனார். ஒப்பிட்டுப் பார்க்கத் தொழிற்சாலையில் ஒரு துண்டு மாட்டிறைச்சியைக் கொடுத்தார்கள். வெல்டிங்கைச் சோதிக்கும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தால், நீர் நிறைந்த கட்டிக்கு ஒரு விதமான எதிரொலி, கெட்டியான கட்டிக்கு வேறு விதமான எதிரொலி! பிறகு டாம் பிரவுன் என்ற இளம் இஞ்சினீயர், ஜான் மக்விக்கர் என்ற டாக்டர் ஆகியோரோடு சேர்ந்து 1958 இல் லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகையில் முடிவுகளை வெளியிட்டார்.

அவர்கள் சோதித்தவர்களில் ஒரு பெண்மணி உண்டு. முற்றிய புற்றுநோய், அறுவைக்கு வழியில்லை என்று டாக்டர்கள் கைவிட்டிருந்தார்கள். ஒலிப் பரிசோதனை வேறு சொன்னது: அது ஒரு பெரிய நீர்க்கட்டி. அறுத்தெடுத்தார்கள், பிழைத்தார். பாய்லர் பட்டறையின் கருவி ஒரு பெண்ணின் உயிரைக் காப்பாற்றியது.

குமிழி காட்டும் வெளிச்சம்

ஸ்கேன் படத்தில் ஒரு குறை உண்டு. கட்டியும் சுற்றியுள்ள தசையும் ஏறக்குறைய ஒரே மாதிரி எதிரொலித்தால் பிரித்துப் பார்ப்பது கடினம். 1968 இல் அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரில் ரேமண்ட் கிராமியாக், பிரவீண் ஷா என்ற இருவர், ரத்தக் குழாயில் திரவத்தைச் செலுத்தும்போது இதயத்துக்குள் பிரகாசமான எதிரொலி தோன்றுவதை வெளியிட்டார்கள். காரணம், திரவத்தோடு கலந்து போன நுண்ணிய வாயுக் குமிழிகள்.

வாயு எளிதில் சுருங்கும், எளிதில் விரியும். ஒலி பட்டதும் குமிழி துடிக்கிறது, தன் அளவுக்கு மீறிய எதிரொலியைக் கொடுக்கிறது. கும்மிருட்டு வயலில் ஒரு டார்ச் விளக்கு போல அது ரத்த ஓட்டத்தைக் காட்டுகிறது. கொழுப்பாலோ புரதத்தாலோ மேல்தோல் போட்ட இத்தகைய நுண்குமிழிகள் 1990களிலிருந்து ஆஸ்பத்திரிகளில் பயன்பட்டு வருகின்றன. இதயம், ஈரல் முதலிய உறுப்புகளைப் பார்க்க உதவுகின்றன.

ஆனால் குமிழிக்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, சில நிமிஷங்களில் கரைந்துவிடுகிறது. இரண்டு, அதன் அளவு 1 முதல் 10 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ரத்தச் சிவப்பணுவே 7, 8 மைக்ரான்தான். இவ்வளவு பெரிய குமிழி ரத்தக் குழாய்க்குள்ளேயே ஓடும், சுவரைத் தாண்டிக் கட்டிக்குள் போகாது.

இங்கே புற்றுக் கட்டியின் ஒரு குணத்தைச் சொல்ல வேண்டும். அது வளரத் தீனி வேண்டும். ஆகவே புதிய ரத்தக் குழாய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறது. அவசர அவசரமாக வெட்டிய வாய்க்காலைப் போல, அந்தக் குழாய்களின் சுவர் சரியாக அமைவதில்லை. அங்கங்கே கசிவு உண்டு. 1986 இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான மட்சுமுராவும் மயேடாவும், பெரிய மூலக்கூறுகள் இந்தக் கசிவு வழியே புகுந்து கட்டியில் தேங்குவதை எடுத்துக் காட்டினார்கள். கட்டிக்குக் கட்டி வேறுபட்டாலும், சில இடைவெளிகள் மைக்ரானில் பத்தில் சில பங்கு அளவுக்கு இருக்கும். குமிழி அதில் நுழையாது. ஆனால் குமிழியைச் சுருக்கித் திரவத் துளியாக்கினால் நுழையும்! உள்ளே போன பிறகு அதை மறுபடி குமிழியாக்க வேண்டும். எப்படி?

நெல் பொரிவது போல

சூடான மணலில் நெல்லைப் போட்டால் என்ன நடக்கிறது? கெட்டியான சிறு மணி படீரென்று வெடித்து, பலமடங்கு பருத்த பொரியாகிறது. துளி குமிழியாவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். ஒரு வித்தியாசம்: இங்கே பொரிய வைப்பது சூடு அல்ல, ஒலி.

துளிக்குள் இருப்பது பெர்ஃப்ளூரோகார்பன் என்ற வகைத் திரவம். அதில் பெர்ஃப்ளூரோபென்டேன் என்பது 29 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கக் கூடியது. நம் உடல் உஷ்ணமோ 37 டிகிரி. அப்படியானால் ஊசி போட்டவுடனே கொதித்து ஆவியாகிவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆவியாவதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, சிறு துளியைச் சுற்றியுள்ள மேற்பரப்பு அதை இறுக்கிப் பிடிக்கிறது. துளி எவ்வளவு சிறிதோ, இறுக்கம் அவ்வளவு அதிகம். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். மூடிய பாய்லருக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். இரண்டாவது, கொதிப்பு தொடங்க ஓர் ஆரம்ப இடம் வேண்டும். உலை கொதிக்கும்போது பாருங்கள், குமிழிகள் பானையின் அடியில் உள்ள சிறு கீறல்களிலிருந்தும் சொரசொரப்பிலிருந்தும்தான் கிளம்பும். மிகச் சிறிய, சுத்தமான துளிக்குள் அப்படிப்பட்ட இடம் கிடையாது. ஆகவே அது பொரியக் காத்திருக்கும் நெல்லைப் போல, திரவமாகவே ஓடுகிறது.

இப்போது ஒலியைப் பாய்ச்சுகிறோம். ஒலி அலை அழுத்தும், இழுக்கும், மறுபடி அழுத்தும், மறுபடி இழுக்கும். தறியில் நாடா போய் வருவது போல இது மாறி மாறி நடக்கிறது. இழுக்கும் அந்தக் கண நேரத்தில் துளிக்குள் அழுத்தம் சட்டென்று விழுகிறது. அந்த இடைவெளியில் ஆவியின் முளை தோன்றி, துளி முழுவதும் குமிழியாகிறது. குறுக்களவு சுமார் ஐந்து மடங்கு பெருகுகிறது. ஐந்து மடங்கு என்றால் கொள்ளளவில் எவ்வளவு? ஐந்தை ஐந்தால் பெருக்கி, மறுபடி ஐந்தால் பெருக்குங்கள். 125 மடங்கு! ஒலியை எங்கே குவிக்கிறோமோ அங்கே மட்டும் இது நடக்கிறது. பூதக் கண்ணாடி வெயிலை ஒரு புள்ளியில் குவிப்பது போல ஒலியையும் குவிக்க முடியும். வழியில் உள்ள தோலும் தசையும் தப்பும், குவிந்த இடத்தில் மட்டும் துளி பொரியும்.

துளியின் அளவு எவ்வளவு? 0.2 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால், 80 மைக்ரான் தடித்த ஒரு தலைமுடியின் குறுக்கே 400 துளிகளை வரிசையாக அடுக்கலாம்.

இந்தத் துளிகளுக்கும் ஒரு முன்கதை உண்டு. அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ஆப்ஃபெல், 1979 இல் இப்படிப்பட்ட துளிகளைக் கதிர்வீச்சை அளக்கும் கருவியாக அறிமுகப்படுத்தினார். நியூட்ரான் துகள் தாக்கினால் துளி பொரியும். பொரிந்த துளிகளை எண்ணினால், அங்கே வேலை செய்பவர் எவ்வளவு கதிர்வீச்சு வாங்கினார் என்று தெரியும். 2000 இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஆலிவர் கிரிப்ஃப்கன்ஸ், பிரையன் ஃபௌல்க்ஸ் முதலியோர், ஒலியால் துளியைப் பொரிய வைப்பது நோயைக் கண்டறியவும் குணப்படுத்தவும் பயன்படும் என்று எழுதினார்கள். அதிலிருந்து பல நாடுகளில் இந்த ஆராய்ச்சி வளர்ந்து வருகிறது.

கண்டுபிடிக்கும் வேலை

கண்டுபிடிப்பதில் துளி இரண்டு வழிகளில் உதவலாம். முதல் வழி நேரானது. கட்டிக்குள் கசிந்த துளிகள் பொரிந்து குமிழியானதும் ஸ்கேன் படத்தில் பளிச்சென்று தெரியும். பொரிவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். இரண்டையும் ஒப்பிட்டால் கட்டியின் எல்லை தெரியும்.

இரண்டாவது வழி ரத்தப் பரிசோதனையோடு சேர்ந்தது. புற்று அணுக்கள் தங்கள் அடையாளங்களை ரத்தத்தில் கசிய விடுகின்றன. ஆரம்ப நாட்களில் அது மிகமிகக் கொஞ்சம். கடலில் கரைத்த ஒரு பிடி உப்பைத் தேடுவது போன்ற வேலை. கனடாவில் அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தின் ரோஜர் ஜெம்பும் அவருடைய சகாக்களும் துளிகளைச் செலுத்தி, கட்டியின் மேல் ஒலியைக் குவித்தார்கள். துளிகள் பொரிந்து அணுக்களை உலுக்கியபோது, அந்த அடையாளப் பொருள்கள் ரத்தத்தில் அதிகமாக வெளிப்பட்டன. விலங்குச் சோதனைகளில் கண்ட இந்த முடிவை 2017 இல் வெளியிட்டார்கள். களத்து மேட்டில் போரை உலுக்கினால் ஒளிந்திருந்த எலி வெளியே ஓடுவது போல!

தாக்கும் வேலை

தாக்குவதில் நான்கு யுக்திகளை ஆராய்கிறார்கள்.

ஒன்று, மருந்தைச் சுமந்து போவது. துளியிலேயே மருந்தை ஏற்றி அனுப்பி, கட்டிக்குள் பொரிய வைத்தால் மருந்து அங்கே இறங்கும். ரஷ்யாவிலிருந்து அமெரிக்கா சென்று யூட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நடாலியா ராப்போபோர்ட் அம்மையாரும் அவருடைய சகாக்களும், 2007 இல் இதை எலிகளில் செய்து காட்டினார்கள். டாக்சோருபிசின் என்ற மருந்தைத் துளியோடு செலுத்தி, மார்புப் புற்றுக் கட்டியின் மேல் ஒலியைப் பாய்ச்சினார்கள். அந்தத் துளிகள் கட்டியைப் படத்தில் காட்டவும் உதவின.

இரண்டு, மடையை அடைப்பது. சற்றுப் பெரிய துளிகள் பொரிந்தால், குமிழி சிறு ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும். தண்ணீர் நின்ற களை வாடுவது போல, ரத்தம் நின்ற கட்டி பட்டினி கிடக்கும்.

மூன்று, நேரடியாக உடைப்பது. மருந்தே இல்லாமல், பலமான ஒலித் துடிப்பால் கட்டியின் அணுக்களைப் பொடியாக்கும் முறை ஒன்று உண்டு. அதை ஹிஸ்டோட்ரிப்ஸி என்கிறார்கள். இதுவும் மிச்சிகனில் வளர்ந்ததுதான். ஈரல் கட்டிகளுக்கு இதைப் பயன்படுத்த அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2023 அக்டோபரில் அனுமதி அளித்தது. அந்த அனுமதி துளி இல்லாத முறைக்கு. துளியைச் சேர்த்தால் குறைந்த பலமுள்ள ஒலியே போதும் என்று சோதனைக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள்.

நான்கு, கதவைத் திறப்பது. லண்டனில் ராயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்திலும், நுண்குமிழியையும் நுண்துளியையும் சேர்த்துக் கொத்தாக்கிய ஒரு பொருளை நோயாளிகளிடமே ஆரம்பக் கட்டமாகச் சோதிக்க முன்வந்தார்கள். வழக்கமான மருந்தோடு அதையும் செலுத்தி, ஈரலுக்குப் பரவிய குடல் புற்றுக் கட்டியின் மேல் ஒலியைப் பாய்ச்சுவார்கள். துளி பொரிந்து பெரிய குமிழியாகி, கட்டியின் நுண்குழாயில் சில நிமிஷங்கள் தங்கும். மெல்லிய ஒலியால் அதைத் துடிக்க வைத்தால் குழாயின் சுவர் இளகி, மருந்து அதிகமாக உள்ளே போகும் என்பது எதிர்பார்ப்பு.

நிரூபணமானது எது, ஆகாதது எது?

தோழர்களே, இங்கே நாம் நிதானமாக இருக்க வேண்டும். விஞ்ஞானத்தில் நம்பிக்கை வைப்பது என்றால், அது சொல்லாததைச் சொன்னதாக நம்புவது அல்ல.

துளி ஒலியால் பொரிகிறது, அது நிரூபணம். விலங்குகளில் கட்டியைக் காட்டியது, மருந்தை இறக்கியது, அதுவும் நிரூபணம். ஆனால் எலியின் கட்டி வேறு, மனிதனின் கட்டி வேறு. சோதனைக்கூட எலியில் கட்டி சில வாரங்களில் வளர்கிறது, அதன் ரத்தக் குழாய் அதிகம் கசிகிறது. மனிதனுக்குப் பல வருஷங்களில் வளரும் கட்டி அவ்வளவு கசிவதில்லை. ஒரே கட்டியில் ஒரு பக்கம் கசியும், மறுபக்கம் கசியாது. எலியில் வென்ற எத்தனையோ மருந்துகள் மனிதனிடம் வந்து தோற்றிருக்கின்றன.

இன்னும் தடைகள் உண்டு. ஒலி எலும்பைக் கண்டால் சிதறுகிறது, காற்றைக் கண்டால் திரும்பிவிடுகிறது. மூளையும் நுரையீரலும் கடினமான களங்கள். உடலெங்கும் பரவிய நோயையும் ரத்தப் புற்றுநோயையும் ஒரு புள்ளியில் குவித்த ஒலியால் பிடிக்க முடியாது. துளி வேண்டாத இடத்தில் தானே பொரிந்தால் நல்ல ரத்தக் குழாய் அடைபடலாம். ஒலி அளவு மீறினால் நல்ல தசை கருகலாம், ரத்தம் கசியலாம். இவற்றையெல்லாம் வருஷக்கணக்கில் சோதித்துத்தான் முன்னேற வேண்டும்.

ஆகவே இன்று எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் புற்றுநோய்க்கு வழக்கமான வைத்தியமாகத் துளி வைத்தியம் கிடையாது. நாளை யாராவது "ஒலித் துளி வைத்தியம், ஒரே வாரத்தில் குணம்" என்று போர்டு மாட்டினால், அங்கே தாலியை அடகு வைக்காதீர்கள். உண்மையான சோதனை வைத்தியம் என்றால், என்ன செய்கிறோம், என்ன அபாயம் என்று எழுத்தில் கொடுத்து, விளங்கும்படி சொல்லி, சம்மதம் வாங்க வேண்டும். சம்மதிக்க மறுக்கும் உரிமை நோயாளிக்கு உண்டு.

யாருக்குக் கிடைக்கும்?

இது வெற்றி பெற்றால் யாருக்குக் கிடைக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நாம் எழுந்து போக முடியாது.

ஒரு நல்ல அம்சம் உண்டு. ஒலிக் கருவிக்குப் பெரிய கட்டிடம் வேண்டாம். கதிர்வீச்சைத் தடுக்கும் தடித்த சுவர் வேண்டாம். கையில் தூக்கிப் போகும் அளவுக்குச் சிறிய கருவிகள் இன்று வந்துவிட்டன. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தோடு ஒப்பிட்டால் விலை மிகக் குறைவு. தாலுகா ஆஸ்பத்திரி வரை வரக்கூடிய கருவி இது. ஆனால் துளியைத் தயாரிப்பதும் ஒலியைக் குவிப்பதும் காப்புரிமைக்குள் அடங்கும் விஷயங்கள். காப்புரிமை யார் கையில் இருக்கிறதோ விலையும் அவர் கையில். பெரும்பகுதி ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களில், பொதுப் பணத்தில் தொடங்கியது. பொதுமக்கள் பணத்தில் விதைத்ததைப் பொதுமக்கள் அறுக்க வேண்டாமா?

கண்டுபிடிப்பு ஒன்று, அது மக்களிடம் போய்ச் சேருவது வேறொன்று. இதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000 முதல் 2003 வரை, 30 முதல் 59 வயது வரையுள்ள 30,000க்கும் மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை நடந்தது. துளி இல்லை, ஸ்கேன் இல்லை. காடியைப் போன்ற நீர்த்த அசெட்டிக் அமிலத்தைப் பஞ்சில் நனைத்துத் தடவினார்கள். சந்தேகமான இடம் வெள்ளையாகத் தெரியும். பயிற்சி பெற்ற நர்சுகளே பார்த்தார்கள், தேவையானவர்களுக்கு வைத்தியம் கொடுத்தார்கள். 2007 இல் முடிவு வெளிவந்தது. இந்தப் பரிசோதனை சென்ற ஊர்களில், செல்லாத ஊர்களைவிடக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது.

யோசித்துப் பாருங்கள்! ஒரு பஞ்சும் சிறிது அமிலமும் பயிற்சி பெற்ற ஒரு நர்சும். அது வந்து சேர்ந்த இடத்தில் தாய் பிழைத்தாள். வந்து சேராத இடத்தில் அதே வயதுள்ள தாய் செத்தாள்.

நாம் செய்ய வேண்டியது

நாளைய துளிக்காக இன்று காத்திருக்கக் கூடாது. மார்பில் புதிதாக ஒரு கட்டி தட்டுப்பட்டாலும், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தப்போக்கு ஏற்பட்டாலும், வாயில் ஆறாத புண் மூன்று வாரத்துக்கு மேல் நின்றாலும், விழுங்கக் கஷ்டம் ஏற்பட்டாலும், மலத்தில் ரத்தம் போனாலும், காரணம் இல்லாமல் உடல் இளைத்தாலும் அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இவை எல்லாம் புற்றுநோய்தான் என்று பொருளல்ல, பெரும்பாலும் வேறு காரணமாகவே இருக்கும். புகையிலையையும் பீடியையும் விடுங்கள். ஒரு பெண் பரிசோதனைக்குப் போகும் நாளில் அவளுடைய வேலையைப் பக்கத்து வரிசைக்காரி பார்த்துக்கொள்ளட்டும். துணைக்கு ஒருவர் போகட்டும். தனியாகப் போகப் பயந்தவர்கள் இரண்டு பேராகப் போவார்கள்.

உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் கருவி இருக்கிறதா, அதை இயக்க ஆள் இருக்கிறாரா, கருப்பை வாய்ப் பரிசோதனை எந்தக் கிழமை நடக்கிறது என்று கேளுங்கள். இல்லை என்றால், ஏன் இல்லை என்று பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். கருவி வந்தும் பூட்டிக் கிடந்தால் திறக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்று ஒலிக் கருவியும் அதை இயக்கத் தெரிந்த கையும் உள்ள ஆஸ்பத்திரியில்தான், நாளை துளி வெற்றி பெற்றால் அதுவும் வந்து சேர முடியும்.

படிகத்தை ஆராய்ந்தவர்கள், பாய்லரின் விரிசலைத் தேடியவர்கள், கிளாஸ்கோ டாக்டர்கள், மிச்சிகன், யூட்டா, அல்பெர்ட்டா விஞ்ஞானிகள், சோதனைக்குத் தங்கள் உடலைக் கொடுக்க முன்வந்த நோயாளிகள் என்று எத்தனையோ பேர் உழைப்பில் இந்தத் துளி உருவாகி வருகிறது. இன்னும் அது முழு ஆயுதமாகவில்லை. ஆனால் பெயரைச் சொல்லவே அஞ்சிய நோயின் இருப்பிடத்தையும் பலவீனத்தையும் மனிதன் ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு வருகிறான். இதை நாமும் தெரிந்துகொள்வோம், வீட்டில் உள்ள பெண்களுக்கும் சொல்லுவோம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள் தோழர்களே. நேரம் இருக்கிறது.